பின்பக்கத்து அளவு

செய்தி வந்தபோது மாலை நாலு பத்து. பேருந்து நிறுவனம் ஒன்றின் நேர அட்டவணைப் பிரிவில் எனக்கு வேலை. நாலு பத்து வண்டியை நாலு இருபதுக்குத் தள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் மணி இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கிறது.

போனில் வார்டு நர்ஸ்.

"மாஸ்டரோட பொண்ணுதானே?"

"ஆமா, சொல்லுங்க."

"கொஞ்சம் உடனே வாங்கம்மா. உங்கம்மா இங்க தனியா இருக்காங்க."

"அப்பாவுக்கு என்ன?"

"போயிட்டாரும்மா. எழுந்து உக்காந்தாரு, மூச்சு முட்டுதுன்னாரு. டாக்டர் ஓடி வர்றதுக்குள்ள..."

நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள். இடுப்பு எலும்பு ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள்.

அந்த ஒன்பது நாளில் வார்டே அவரை மாஸ்டர் என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. தையல்காரர் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை. அவரே காட்டிக்கொடுத்துக்கொண்டார். மயக்கம் தெளிந்த மறுநாள், ரத்த அழுத்தம் பார்க்க வந்த அதே நர்ஸிடம், "உனக்கு யாரும்மா யூனிஃபார்ம் தைச்சது? தோள் ஒரு இஞ்ச் இறங்கி நிக்குது. அவன் கையில கத்தரிக்கோலைக் குடுத்தது யாரு?" என்று கேட்டாராம். அவள் கோபப்படாமல் சிரித்திருக்கிறாள். அதன்பிறகு ஓய்வு நேரத்தில் ஒவ்வொருத்தியாக வந்து கட்டிலருகே நின்று, "மாஸ்டர், எனக்கு எப்படி இருக்கு?" என்று திரும்பிக் காட்டிவிட்டுப் போனார்கள்.

மற்றவர்கள் உடம்பில் கால் அங்குலம் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுகிற மனிதர் என் அப்பா.

கடை எங்கள் வீட்டின் முன் அறைதான். தெருவைப் பார்த்த கதவு, ஒரு படி உயரத்துக்கு மரப்பலகை போட்ட மேடை, அதன் மேல் வெட்டுமேஜை, ஜன்னலோரம் மெஷின். சுவரில் ஆள் உயரக் கண்ணாடி. கண்ணாடிக்குப் பக்கத்தில் ஆணியில் இரண்டு டேப் தொங்கும். ஒன்று வேலைக்கு, இன்னொன்று அந்த முதல் டேப் நீண்டுவிட்டதா என்று மாதம் ஒரு முறை சரிபார்ப்பதற்கு. அவ்வளவு சந்தேகப் பிராணி.

ஆண்களுக்கான சட்டை, பேண்ட் மட்டும்தான் தைப்பார். கூன் விழுந்தவர், ஒரு தோள் இறங்கியவர், தொப்பை முன்னால் தள்ளியவர் எல்லாம் தேடி வருவார்கள். ரெடிமேட் சட்டைக்குள் நுழைய முடியாத உடம்புகள். "சட்டையில எதுவும் தெரியக் கூடாது மாஸ்டர்" என்பார்கள். தெரியாது. கூன் இருப்பவருக்கு முன்பக்கத்தைக் குறைத்து, பின்பக்கத்தை நீட்டி, காலருக்குக் கீழே பட்டியில் கொஞ்சம் கூடுதலாக விட்டு வெட்டினால், சட்டை நேராகத் தொங்கும். பார்க்கிறவனுக்கு மனிதனும் நேராக நிற்பதுபோலத் தோன்றும். "உடம்பைத் திருத்த நாம யாரு? துணியைத்தான் திருத்தலாம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது.

நாற்பத்து நாலு வயதில் சர்க்கரை வந்தது. அதையும் கிண்டலடித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். "சுகர்ங்கிறது ரெடிமேட் சட்டை மாதிரி. யாருக்கும் சரியாப் பொருந்தாது, ஆனா ஊரே போட்டுக்கிட்டுத் திரியுது." மாத்திரையை வேளை தவறாமல் போடுவார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை டாக்டரிடம் நான்தான் கூட்டிப்போவேன். ரிப்போர்ட்டுகள் வைத்த நீல ஃபைல், கேள்வி-பதில் எழுதும் சின்ன நோட்டு எல்லாம் என் பொறுப்பு. அப்பாவின் வியாதியை அப்பாவைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

முதலில் கவனித்தது நான் இல்லை. பக்கத்துக் கடை முடிதிருத்துபவர். அப்பாவுக்கும் அவருக்கும் இருபத்தைந்து வருஷப் பழக்கம். தெருவே அவரைக் கட்டிங் என்றுதான் கூப்பிடும். வாயைத் திறந்தாலே வம்பிழுக்கிற ஆள். எனக்கு அவர் மாமா. ஐந்து வருஷத்துக்கு முன் ஒரு நாள் நான் கடையில் உட்கார்ந்திருந்தபோது கத்தியைத் துடைத்துக்கொண்டே வாசலில் வந்து நின்றார்.

"யோவ் மாஸ்டர், உன் தாடி என்ன லீவு போட்டுட்டுப் போயிருச்சா? ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருவ. இப்ப பத்து நாளாச்சு, ஆளையே காணோம். என் பொழப்புல மண்ணைப் போடறியே."

"நீ போடற சோப்பு வாசனைக்குப் பயந்து முளைக்க மாட்டேங்குதுய்யா. நான் என்ன பண்ண?"

"கன்னமெல்லாம் பொம்பளப்புள்ள மாதிரி வழவழன்னு இருக்கே. என்னய்யா ரகசியம்?"

"உனக்குச் சொன்னா நாளைக்கு தெருவே சொல்லும்."

மூவரும் சிரித்தோம். அப்பா எங்கள் இருவரையும்விடச் சற்று முன்னதாகச் சிரிப்பை நிறுத்தினார். அது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. அன்றைக்கு நினைவில் பதிந்ததா, இப்போது நானாக நினைத்துக்கொள்கிறேனா என்று சொல்ல முடியவில்லை.

அதே வருஷம்தான் அவர் படுக்கையைக் கடைக்கு மாற்றிக்கொண்டார். வெட்டுமேஜைக்குக் கீழே சுருட்டி வைத்த மெத்தை. கேட்டதற்கு, "என் குறட்டையில உங்கம்மா தூக்கம் கெடுது" என்றார். அம்மாவிடம் கேட்டேன். "ஆமா, குறட்டை" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போனாள். அப்பா குறட்டை விட்டு நான் கேட்டதே இல்லை. ஆனாலும் அதற்கு மேல் கேட்கவில்லை. அப்பா அம்மா படுக்கையைப் பற்றி எந்தப் பிள்ளைதான் கேட்கும்?

இரண்டு வருஷத்துக்கு முன் முதுகுவலி என்றார். குனிந்து வெட்டுகிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று எல்லோரும் நினைத்தோம். வழக்கமான சோதனைக்குப் போனபோது டாக்டரிடம் நானே சொன்னேன். உள்ளே போவதற்கு முன் எடையும் உயரமும் குறிக்கிற பெண், அவள் கணவர் அப்பாவிடம் சட்டை தைத்துக்கொள்பவர். அவரை அளவுகோல் பக்கம் நிறுத்தப் போனாள்.

"அஞ்சடி ஏழு இஞ்ச். எழுதிக்கோ."

"நிக்க வேணாமா மாஸ்டர்?"

"ஊருக்கே அளவெடுக்கறவன். என் அளவு எனக்குத் தெரியாதா?"

அவளும் சிரித்தபடி எழுதிக்கொண்டாள்.

அந்த டாக்டர் அவசரப்படாதவர். எலும்பின் கனத்தைப் பார்க்கும் ஸ்கேன் ஒன்றை அன்றைக்கே எடுத்துவரச் சொன்னார். ரிப்போர்ட்டோடு மறுபடி உள்ளே போனோம். வயதுக்குத் தகுந்த மாதிரி பரவாயில்லை என்று போட்டிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. டாக்டருக்கு இல்லை.

"சுகர் இருக்கறவங்களுக்கு எலும்போட கனத்தை மட்டும் நம்ப முடியாது" என்றார். "எலும்பு சும்மா இருக்கறதில்ல. பழசை இடிச்சுப் புதுசு கட்டிக்கிட்டே இருக்கும். பல வருஷமா சுகர் இருந்தா அந்த வேலை மந்தமாயிடும். பழைய எலும்பே சர்க்கரை ஏறி விறைச்சுப்போய் நிக்கும். ஸ்கேன்ல கனம் தெரியும், அந்த விறைப்பு தெரியாது."

அப்பாவுக்கு இது சட்டென்று பிடிபட்டது. "கஞ்சி போட்ட காட்டன் மாதிரிங்களா டாக்டர்? மொடமொடன்னு நிக்கும். மடிச்சா மடிப்புலயே விட்டுரும்."

டாக்டர் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். "இதைவிட நல்லா என்னால சொல்ல முடியாது." பிறகு முகம் மாறி, குரலைத் தாழ்த்தினார். "அதனாலதான் இன்னும் சில விஷயம் கேக்கணும். ஆம்பளைங்களுக்கு எலும்பு உறுதியா இருக்க ஆண் ஹார்மோனும் வேணும். சுகர் இருக்கற நிறையப் பேருக்கு அது குறைஞ்சிருக்கும், அவங்களுக்கே தெரியாது. கொஞ்சம் அந்தரங்கமான கேள்விங்க." என் பக்கம் திரும்பினார். "நீங்க ஒரு அஞ்சு நிமிஷம் வெளிய இருக்கீங்களாம்மா?"

என் மடியில் ஃபைல் இருந்தது. கையில் பேனா.

"பரவாயில்லை டாக்டர். அப்பா எங்கிட்ட எதையும் மறைக்க மாட்டாங்க" என்றேன்.

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். அப்பா மேஜை மேலிருந்த காகித எடைக்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் கேட்டார். எவ்வளவு நாசூக்காகக் கேட்க முடியுமோ அவ்வளவு நாசூக்காக. ஆசை முன்புபோல இருக்கிறதா. மனைவியோடு எப்படி. சவரம் செய்வது குறைந்திருக்கிறதா. காரணமில்லாமல் சோர்வு உண்டா.

"அதெல்லாம் நல்லா இருக்கு டாக்டர்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தப் பக்கம் இப்போதும் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைக்கான சீட்டை டாக்டர் எழுத ஆரம்பித்து, பிறகு, "சரி, அடுத்த தடவை பாப்போம்" என்று வைத்துவிட்டார். வெளியே வந்ததும் அப்பா வேகமாக நடந்தார். செருப்பு ஒரு காலில் நழுவியதுகூடத் தெரியாமல் நாலு அடி போய்விட்டுத் திரும்பி வந்தார். பாதம் மரத்துப்போவது அப்போதே ஆரம்பித்திருந்தது.

அவர் விழுந்தது ஒரு வியாழக்கிழமை. என் மகளுக்குக் காய்ச்சல் என்று அம்மா ஒரு வாரமாக எங்கள் வீட்டில் இருந்தாள். அன்று காலை அப்பா போன் செய்தார்.

"அம்மா எப்ப வர்றா?"

"ஞாயித்துக்கிழமை கொண்டுவந்து விடறேன்ப்பா. ஏன், சாப்பாட்டுக்குக் கஷ்டமா?"

"அதெல்லாம் இல்ல. டேப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"கட்டிங் மாமாவைப் பிடிக்கச் சொல்லுங்களேன்."

"அவனா? டேப் முனையைக் கழுத்துல வைடான்னா கத்தியை வைப்பான். விடு, உங்கம்மாவே வரட்டும்."

அதுதான் அவர் வீட்டிலிருந்து பேசிய கடைசி போன். மதியம் மேடையிலிருந்து இறங்கும்போது கால் இடறியிருக்கிறது. ஒரே ஒரு படி. நின்ற உயரத்திலிருந்து விழுவதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை. கட்டிங் மாமாதான் சத்தம் கேட்டு ஓடிவந்து தூக்கியவர். "இடுப்பு மடிப்புல விட்டுருச்சுய்யா" என்றாராம் அப்பா. மாமாவுக்கு அப்போது அது புரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கட்டிலில் படுக்கவைத்தே நீளத்தை அளந்தார்கள். நூற்று அறுபத்து நாலு சென்டிமீட்டர்.

"நூத்தி எழுபதும்மா" என்றார் அப்பா, அந்த வலியிலும். "உங்க டேப் சுருங்கியிருக்கு. மாத்துங்க."

எலும்பு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். உடைந்த இடுப்புக்கு மேலே, முதுகெலும்பில் மூன்று கட்டைகள் முன்பக்கமாக நசுங்கியிருந்தன. பெட்டிக்குள் அழுந்திய சோப்புக்கட்டி மாதிரி.

"இது மூணும் பழசு. எப்ப விழுந்தார்?"

"விழவே இல்லையே டாக்டர்."

"விழாமலேயும் ஆகும். முதுகுவலின்னு சொல்லியிருப்பாரே? இவ்வளவு நசுங்கினா ரெண்டு இஞ்ச் உயரம் போயிருக்கும், முதுகு வளைஞ்சிருக்கும். வீட்டுல யாரும் கவனிக்கலையா?"

ரத்தத்தில் ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனின் அளவைப் பார்த்தார்கள். மிகக் குறைவு. "அடிபட்டுப் படுத்திருக்கும்போது இது தானாவே குறையும்" என்று அவர் நியாயமாகவே சொன்னார். "இந்த ஒரு எண்ணை வெச்சு எதையும் முடிவு பண்ண முடியாது. ஆனா நீங்க சொன்ன மாதிரி தாடி குறைஞ்சது, சோர்வு, முதுகு எல்லாத்தையும் சேர்த்துப் பாத்தா, ரொம்ப வருஷமாவே குறைவாத்தான் இருந்திருக்கணும்."

"முன்னாடியே பாத்திருந்தா?"

"எலும்புக்கு மருந்து குடுத்திருக்கலாம். ஹார்மோனைப் பத்தி யோசிச்சிருக்கலாம். விழுந்திருக்க மாட்டார்னு என்னால சொல்ல முடியாதும்மா. யாராலயும் சொல்ல முடியாது."

அவர் ஆறுதலுக்காகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை. உறுதியாகத் தெரிந்திருந்தால் ஒரு பக்கமாக அழுதிருக்கலாம்.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அம்மாவும் நானும் கடையில் உட்கார்ந்திருந்தோம். டாக்டர் சொன்னதை முதல் முறையாக அவளிடம் முழுதாகச் சொன்னேன். ஹார்மோன் என்ற வார்த்தை வந்ததும் அவள் தலை நிமிர்ந்தது.

"அது வியாதியா?"

"ஆமாம்மா. சுகரோட சேர்ந்து வர்றது."

"வியாதியா அது?" என்று மறுபடியும் கேட்டாள். முந்தானையால் மெஷின் மேல் இல்லாத தூசியைத் துடைத்தாள். "எனக்கு வயசாயிருச்சு, என் மேல வெறுப்பு வந்துருச்சுன்னு நெனச்சேன். அஞ்சு வருஷம். ஒரு வார்த்தை சொல்லலியே. நானும் கேக்கலியே. குறட்டைன்னாரு, நானும் குறட்டைன்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். டாக்டர் அறையில் வெளியே போக மறுத்து நான் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்போது அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இதுவரை சொல்லவில்லை.

"முதுகு வளைஞ்சது உனக்குத் தெரியலையாம்மா?"

"சட்டையில்லாம எப்ப பாத்தேன் நான்? குளிச்சு வரும்போதே சட்டையோடதான் வருவாரு. சட்டை எப்பவும்போல விறைப்பா, நேரா இருக்கும்." ஆணியில் தொங்கிய டேப்பைப் பார்த்து, "வருஷத்துக்கு ஒரு தடவை என்னைக் கூப்பிடுவாரு" என்றாள். "அவரு சட்டைக்கு அளவெடுக்க. முன்பக்கம் அவரே எடுத்துக்குவாரு. பின்னாடி எடுக்கக் கை எட்டாதே. டேப்பைக் கழுத்துல வெச்சு கீழ வரைக்கும் பிடிக்கச் சொல்வாரு. நம்பரைச் சொல்லுன்னுவாரு, சொல்வேன். எழுதிக்குவாரு. சட்டை மேலதான். எனக்கு அளவெல்லாம் என்ன தெரியும்? முதுகுல கை வைக்க அது ஒரு சாக்கு. மெதுவாத்தான் பிடிப்பேன். அவரும் சீக்கிரம்னு சொல்ல மாட்டாரு."

அளவு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அது இருந்தது. மற்ற பக்கங்களில் வாடிக்கையாளர்களின் அடையாளங்கள்: பேங்க்காரர், இடது தோள், தொப்பை வாத்தியார், நெட்டை. அவருடைய பக்கத்துக்குத் தலைப்பு 'நான்'. முதல் வருஷம் முன்பக்கம் இருபத்தொன்பது, பின்பக்கம் இருபத்தொன்பது. அடுத்த வருஷம் முன்பக்கம் இருபத்தெட்டே முக்கால். அதற்கடுத்து இருபத்தெட்டேகால், பின்பக்கம் இருபத்தொன்பதேகால். போன வருஷம் முன்பக்கம் இருபத்தேழரை, பின்பக்கம் இருபத்தொன்பதரை. எந்த வரியிலும் எண்ணைத் தவிர ஒரு சொல் இல்லை. கூன் விழுந்த ஒருவருக்கு என்னென்ன செய்வாரோ அதையெல்லாம், ஒரு கால் அங்குலம் தப்பாமல், தனக்குச் செய்துகொண்டிருந்தார். துணியைத் திருத்திக்கொண்டே வந்திருக்கிறார். அது அவ்வளவு நல்ல தையல். அம்மா, நான், உயரம் குறிக்கும் பெண், அவசரப்படாத அந்த டாக்டர், எல்லோரும் சட்டையைத்தான் பார்த்தோம்.

வாசலில் கட்டிங் மாமா வந்து நின்றார். உள்ளே வரவில்லை. அவருக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"பாப்பா, அந்தத் தாடி விஷயம்..."

"விடுங்க மாமா."

"இல்லம்மா. மொதல்ல பாத்தவன் நான். கையில தடவிப் பாத்தவன். அதைப் போய் நக்கல் பண்ணிச் சிரிச்சேன் பாரு." கையில் சோப்பு நுரை காயாமல் இருந்தது. வேலையின் நடுவில் எழுந்து வந்திருக்கிறார். "அவன் அதுக்கப்புறம் எங்கிட்ட சவரத்துக்கே வரலை. வீட்டுலயே பண்ணிக்கறேன்னுட்டான். கோவிச்சுக்கிட்டான்னு நெனச்சேன்."

மாமா போன பிறகு அம்மா வெட்டுமேஜையை ஒழுங்குபடுத்த எழுந்தாள். நான் வேண்டாமென்று தடுத்தேன். அதை அன்றைக்கு மட்டுமல்ல, இந்த நாற்பது நாளாக யாரும் தொடவில்லை.

மேஜையில் இருப்பது இளநீலத் துணி. அவருக்கான இந்த வருஷச் சட்டை. நோட்டில் புதிய வரியைத் தொடங்கி, முன்பக்கத்துக்கு இருபத்தேழு என்று எழுதியிருக்கிறார். பின்பக்கத்துக்கான கட்டம் காலி. முன்பக்கத் துண்டுகள் இரண்டும் வெட்டியாகிவிட்டன, கைகளும் காலரும்கூட. பின்பக்கத்துத் துணி இரண்டாக மடித்து வைத்தபடி இருக்கிறது. அதன் மேல் சாக் கோடு எதுவும் இல்லை.